வைக்கோலைக் கட்டுதலும் ஏற்றிச் செல்லுதலும்: செலவும் சிக்கனமும்

நெல்லைக் குறித்துக் கணக்குப் பாராத குடியானவர் இல்லை. வைக்கோலைக் குறித்துக் கணக்குப் பார்ப்பவரோ மிகச் சிலர். களத்தில் கதிரடித்து, மாடு கட்டிப் பிணையலோட்டி, வைக்கோலை உதறிக் காயவைத்துப் படப்புப் போட்ட காலத்தில் அதற்கெனத் தனிச்செலவு கண்ணுக்குத் தெரிந்ததில்லை. நெல்லுக்குச் செய்த வேலையோடு வைக்கோலும் வீடு வந்து சேர்ந்தது. இக்காலத்திலோ அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏக்கரை முடித்து நெல்லைக் கொடுத்துவிட்டுப் போகிறது. வைக்கோல் ஈரத்தோடு வயலிலேயே கிடக்கிறது. அதை உலர்த்துவதும், திரட்டுவதும், கட்டுவதும், ஏற்றுவதும், இறக்குவதும் தனித்தனி வேலைகளாகவும் தனித்தனிச் செலவுகளாகவும் ஆகிவிட்டன. இச்செலவுகளை அறிந்து நடத்துபவருக்கு வைக்கோல் ஒரு வரும்படி. அறியாதவருக்கு அதுவே ஒரு நஷ்டம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் இவ்விஷயம் விசேஷ கவனத்துக்கு உரியது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைகிறது. கிழக்கே கரிசலிலும் செவலிலும் மானாவாரியே மிகுதி. ஆகவே வைக்கோல் ஓரிடத்தில் மிஞ்சியும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருப்பது இயல்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பண்டத்துக்கு மூலம் பால். பாலுக்கு மூலம் தீவனம். கோடையில் பசும்புல் காய்ந்தபின் பெரும்பாலான கொட்டில்களில் தீவனம் என்பது வைக்கோலே. இதுவன்றி, ராஜபாளையத்தினின்றும் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலை கேரளத்து மாடு வளர்ப்போரின் தேவையையும் இவ்வட்டாரத்துக்கு அருகாமையில் கொணர்ந்திருக்கிறது.

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் படப்பு வைத்திருந்தவர் மாட்டைக் காப்பாற்றிக்கொள்வார். இல்லாதவர் மாட்டை வந்த விலைக்கு விற்பார். ஆதலால் நல்ல ஆண்டில் வைக்கோலைச் சேதமின்றிச் சேர்த்து வைப்பது கெட்ட ஆண்டுக்கான பாதுகாப்பாகும்.

கிடைக்கும் அளவு

பொதுவாக நெல்லின் எடைக்கு ஏறக்குறையச் சமமாகவோ அதற்குச் சிறிது கூடுதலாகவோ வைக்கோல் உண்டாகும். ரகத்தின் உயரத்தையும் நீர் வசதியையும் பொறுத்து இது மாறும். ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் காணும் வயலில் வைக்கோலும் ஏறத்தாழ 2,000 கிலோ உண்டு எனக் கொள்ளலாம். ஆனால் இயந்திரம் அறுக்கும்போது அடித்தாள் வயலிலேயே நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு நின்றால் கைக்குக் கிடைப்பது சுமார் 1,300 கிலோ. ஓட்டுபவர் விரைவைக் கருதி உயர அறுத்தால் இன்னும் குறையும். ஆதலால் வைக்கோல் வேண்டுவோர் அறுவடைக்கு வண்டி பேசும்போதே எவ்வளவு தாழ அறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். அறுத்த பின்பு பேசிப் பயனில்லை.

அறுவடைக்கு முன் செய்ய வேண்டியவை

கதிர் முற்றி வருகையில் அறுப்புக்குச் சுமார் பத்து நாள் முன்னதாக வயலில் நீரை வடித்துவிட வேண்டும். இதனால் நெல் ஒருசீராக முற்றுவதுடன் தரையும் இறுகும். தரை இறுகாத வயலில் செயின் வண்டி இறங்கி அறுத்துவிடும். ஆனால் பின்னால் வரவேண்டிய டிராக்டரும் கட்டு இயந்திரமும் புதைந்து நிற்கும். வைக்கோலும் சேற்றில் அழுந்தி மண்வாடை ஏறும். அவ்வாறான வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடும்.

அறுவடை இயந்திரத்தின் பின்புறத்தில் வைக்கோலைத் துண்டாக்கவோ சிதறவோ செய்யும் கருவி இருந்தால் அதை நிறுத்திவிட்டு, வைக்கோல் ஒரே வரிசையாக நீளவாக்கில் விழும்படி செய்தல் வேண்டும். வரிசையாக விழுந்த வைக்கோலைக் கட்டு இயந்திரம் எளிதில் வாரி எடுக்கும். சிதறிக் கிடந்தால் முதலில் கூலி கொடுத்துக் கூட்ட வேண்டும். கூட்டும்போது மண்ணும் சேரும்.

உலர்ச்சியே முதல் விதி

வைக்கோல் வியாபாரத்தில் நஷ்டம் உண்டாகும் வழிகளுள் முதன்மையானது ஈரத்தோடு கட்டுவதாகும். அறுத்த அன்று வைக்கோலில் பாதிக்கு மேல் நீரே. நல்ல வெயிலில் இரண்டு முதல் நான்கு நாட்கள் கிடந்து, இடையில் ஒருமுறை புரட்டிவிடப்பட்டால் அது கட்டுவதற்குத் தக்க பதத்துக்கு வரும். ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்கு உட்பட்டிருந்தால் கட்டுக்குக் கேடில்லை. 20 பங்குக்கு மேற்பட்டால் கட்டின் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும்.

பதத்தை அறியக் கருவி வேண்டுவதில்லை. ஒரு பிடி வைக்கோலை எடுத்து இரு கைகளாலும் முறுக்கினால், இரண்டு மூன்று முறுக்கில் படபடவென்று முறிய வேண்டும். துவண்டு புரியாகத் திரிந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். கணுவை நகத்தால் அழுத்திப் பார்ப்பதும் அவசியம். இலை காய்ந்த பின்பும் கணுவில் ஈரம் தங்கியிருக்கும். இன்னும் திட்டமாக அறிய விரும்புவோர், வரிசையின் அடியிலிருந்து 1 கிலோ எடுத்து நிறுத்து, அதை ஒருநாள் முழுவெயிலில் மெல்லியதாகப் பரப்பி, மாலையில் மறுபடி நிறுக்கலாம். 850 கிராமுக்குக் குறைந்துபோனால் அந்த வயலை அன்று கட்டியிருக்கக் கூடாது.

தை, மாசி மாதங்களில் இவ்வட்டாரத்தில் அதிகாலைப் பனி உண்டு. பனி ஈரம் உலரும் முன் இயந்திரத்தை இறக்கலாகாது. முற்பகல் 10 அல்லது 11 மணிக்குத் தொடங்கி வெயில் சாயும்முன் முடிப்பது உத்தமம். வாடகை வண்டிக்காரர் அடுத்த ஊருக்குப் போகவேண்டிய அவசரத்தில் காலை 7 மணிக்கே வந்து நிற்பதுண்டு. அவருடைய அவசரத்துக்காகத் தம்முடைய ஓராண்டுத் தீவனத்தைக் கெடுத்துக்கொள்வது விவேகமாகாது. மழைமேகம் கண்டால் மாத்திரம் இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அப்போதும் ஈரவைக்கோலைக் கட்டாமல், உதிரியாகவே வாரிக் களத்தில் குவித்து மூடி, மழை விட்டபின் பரப்பி உலர்த்த வேண்டும். 2021 ஜனவரியில் காலந்தவறிப் பெய்த மழையால் தமிழ்நாட்டின் பல பாகங்களில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து கெட்டது. அதுபோன்ற பருவத்தில் முழு வைக்கோலையும் காப்பாற்ற முயல்வதைவிட, மேட்டுவயலின் நல்ல வைக்கோலை மாத்திரம் தனியே பிரித்துச் சேமிப்பது மேல்.

இயந்திரமும் கட்டும்

வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் புதிதன்று. அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டிலேயே ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் சிறு உருளைக் கட்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அம்முறையின் சிறிய வகையே இப்போது நம் வயல்களில் மிகுதியாக ஓடுகிறது. சுமார் 35 முதல் 45 குதிரைச் சக்தியுள்ள டிராக்டரின் பின்னால் இது பூட்டப்படும். கீழேயுள்ள கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ள, உருளைகள் அதைச் சுருட்டி இறுக்க, நூல் சுற்றிக் கட்டு வெளியே விழும். கட்டு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் குறுக்களவும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ளது. உலர்ந்த வைக்கோலை நன்றாக இறுக்கிக் கட்டினால் எடை 20 கிலோவையொட்டி இருக்கும்.

இங்கே குடியானவர் கவனிக்க வேண்டிய ஒரு சூக்ஷ்மம் உண்டு. கட்டுக் கூலி பெரும்பாலும் கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. இயந்திரத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் அதே வைக்கோலில் அதிகக் கட்டுகள் விழும்; ஓட்டுபவருக்கு வேலையும் எளிது, கூலியும் அதிகம். வெளித்தோற்றத்தில் 20 கிலோ கட்டும் 15 கிலோ கட்டும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணிக்கை அதிகமாயிருப்பதைக் கண்டு வயற்காரர் மகிழ்வதும் உண்டு. அம்மகிழ்ச்சிக்கு அவர் கொடுக்கும் விலையைக் கீழே காணலாம்.

செலவுக் கணக்கு

கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். ஆகவே பின்வரும் தொகைகள் கணக்கிடும் வழியைக் காட்டுவதற்காகவே வைத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தம் ஊர் விகிதத்தை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் 3 ஏக்கர் வயலில் 3,900 கிலோ உலர்ந்த வைக்கோல் இருப்பதாகவும், அதைச் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ராஜபாளையத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றும் கொள்வோம். கட்டுக் கூலி கட்டுக்கு 40 ரூபாய். வயலில் திரட்டி ஏற்றி இறக்கக் கட்டுக்கு 10 ரூபாய். ஒரு நடைக்கு வண்டி வாடகை 1,500 ரூபாய். ஒரு நடையில் 100 கட்டுகள் கொள்ளும்.

இறுக்கமான 20 கிலோ கட்டு: கட்டுகள் 195. கட்டுக் கூலி 7,800 ரூபாய். ஏற்றுமதி இறக்குமதி 1,950 ரூபாய். நடை 2-க்கு 3,000 ரூபாய். மொத்தம் 12,750 ரூபாய். கிலோவுக்குச் சுமார் 3 ரூபாய் 27 காசு.

தளர்ந்த 15 கிலோ கட்டு: கட்டுகள் 260. கட்டுக் கூலி 10,400 ரூபாய். ஏற்றுமதி இறக்குமதி 2,600 ரூபாய். நடை 3-க்கு 4,500 ரூபாய். மொத்தம் 17,500 ரூபாய். கிலோவுக்குச் சுமார் 4 ரூபாய் 49 காசு.

வயலும் ஒன்றே, வைக்கோலும் ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. இறுக்கம் ஒன்று தளர்ந்ததனால் 4,750 ரூபாய் அதிகச் செலவு. ஆகவே கூலி பேசும்போது கட்டின் எடையையும் சேர்த்துப் பேச வேண்டும். வேலை தொடங்கியதும் முதல் ஐந்து கட்டுகளை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்திருந்தால் அப்போதே இறுக்கத்தைக் கூட்டும்படி சொல்ல வேண்டும். பிறகு நடுவிலும் முடிவிலும் சில கட்டுகளை நிறுப்பது நலம். ஒரு தராசு கொண்டுபோகும் சிரமத்தில் மேற்கண்ட தொகை மிஞ்சும்.

வாங்குபவரும் இதே முறையைக் கைக்கொள்ள வேண்டும். கட்டை எண்ணி வாங்காமல் எடையில் வாங்குவதும், எடையோடு உலர்ச்சியையும் பார்ப்பதும் இன்றியமையாதவை. நூற்றுக்கு 12 பங்கு ஈரமுள்ள 20 கிலோ கட்டில் மாட்டுக்குப் பயன்படும் உலர்பொருள் 17.6 கிலோ. 25 பங்கு ஈரமுள்ள அதே எடைக் கட்டில் 15 கிலோவே. மிச்சமுள்ள 2.6 கிலோ, வைக்கோல் விலைக்கு வாங்கிய தண்ணீராகும். அந்தத் தண்ணீர் பின்னால் பூஞ்சணத்தையும் உண்டாக்கும்.

உதிரியாகவா, கட்டாகவா

எல்லாருக்கும் கட்டுவதே லாபம் என்று சொல்ல இயலாது. வண்டி வைக்கோலால் நிறைவது இடத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. உதிரி வைக்கோல் ஒரு நடைக்குக் கட்டு வைக்கோலில் பாதியளவே கொள்ளும் என வைத்துக்கொண்டால், மேற்படி 3,900 கிலோவுக்கு 4 நடை ஆகும். ஒரு நடை வைக்கோலைத் திரட்டவும் ஏற்றவும் இறக்கவும் நான்கு ஆட்களுக்கு ஒருநாள் வேலை எனவும், ஆளுக்கு 600 ரூபாய் எனவும் கொண்டால் ஆட்கூலி 9,600 ரூபாய்.

வயல் வீட்டுக்கு அருகிலிருந்து நடைக்கு 500 ரூபாயே ஆகுமானால், உதிரிக்கு மொத்தம் 11,600 ரூபாய். கட்டுக்கு 10,750 ரூபாய். வித்தியாசம் சொற்பமே. வீட்டு ஆட்களே வேலை செய்வார்களானால் உதிரியாகக் கொண்டுவருவதில் ரொக்கச் செலவு வெகுவாகக் குறையும். 12 கிலோமீட்டருக்கு உதிரியின் செலவு 15,600 ரூபாய். கட்டின் செலவு 12,750 ரூபாய். மலைதாண்டிச் செல்லும் தூரத்துக்கு நடைக்கு 6,000 ரூபாய் ஆகுமென்றால், உதிரிக்கு 33,600 ரூபாயும் கட்டுக்கு 21,750 ரூபாயும் ஆகும். இதனால் விளங்குவது யாதெனில், கட்டுக் கூலி தூரத்தோடு கூடுவதில்லை; வண்டி வாடகையோ தூரத்தோடு கூடுகிறது. தூரம் அதிகரிக்க அதிகரிக்கக் கட்டின் பயனும் அதிகரிக்கும். பக்கத்து வயலுக்கு வீட்டு ஆளும் சொந்த வண்டியும் போதும். தூரத்து ஊருக்கு இறுகிய கட்டே வேண்டும்.

இன்னொரு செலவு பலருடைய கணக்கில் ஏறுவதில்லை. அது வைக்கோலைக் கைமாற்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஆகும் செலவு. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் ரயில் பாதை 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இருந்தும் வைக்கோலுக்குச் சாலையே உகந்தது. ஏனெனில் ரயிலில் அனுப்புவதானால் வயலில் ஒருமுறை, ஸ்டேஷனில் இருமுறை, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி இருமுறை, கொட்டிலில் ஒருமுறை என ஏற்றி இறக்க நேரும். ஒவ்வொரு தடவையும் கூலியும் ஆகும், உதிர்ந்து சேதமும் ஆகும். கிராமத்துக்குள்ளும் இந்த நியாயமே பொருந்தும். வயலிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து கொட்டிலுக்கும் என்று இருமுறை மாற்றாமல், முதலிலேயே படப்புப் போடும் இடத்துக்கு நேராகக் கொண்டுசெல்வதே சிக்கனம்.

பாரம் ஏற்றும் முறை

கட்டுகளை வண்டியின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். ஒரே வாக்கில் அடுக்கிய உருளைகள் வளைவுகளில் உருண்டு சரியும். மேலே போகப்போகச் சிறிது உள்வாங்கி அடுக்கி, முன்னிருந்து பின்னும் பக்கவாட்டிலும் பாரக்கயிறு போட்டு இறுக்க வேண்டும். சிறிது தூரம் சென்றதும் வண்டியை நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்குவது நல்ல பழக்கம். ஆட்டத்தில் பாரம் அமிழ்ந்து கயிறு தளர்ந்திருக்கும்.

சட்டம் வகுத்த உயரத்துக்கும் அகலத்துக்கும் மேல் ஏற்றுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு நடை வாடகையை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் செய்யப்படும் இக்காரியத்தால் வண்டியே எரிந்துபோன சம்பவங்கள் தமிழ்நாட்டில் பலமுறை நிகழ்ந்துள்ளன. கிராமச் சாலைகளின் குறுக்கே தாழத் தொங்கும் மின்கம்பியில் பாரம் உரசினால் ஒரு பொறி போதும். ஓடும் வண்டியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆதலால் வண்டி செல்லும் வழியை முன்னதாகப் பார்த்து, தாழ்ந்த கம்பியுள்ள பாதையைத் தவிர்க்க வேண்டும். பாரத்தின் மேல் ஆட்களை ஏற்றலாகாது. கம்பியைக் கோலால் தூக்கிவிட ஆள் ஏறுவது உயிருக்கே ஆபத்து. பாரத்தின் அருகில் பீடி, சுருட்டு எதுவும் கூடாது. இரவில் செல்வதானால் பின்புற விளக்குகளைப் பாரம் மறைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

படப்பு

வீடு வந்த கட்டைத் தரையில் அடுக்கினால் அடிவரிசை ஈரம் உறிஞ்சிப் பாழாகும். கல், பனந்தடி, பழைய மரச்சட்டம் ஆகிய எதையேனும் பரப்பி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்க வேண்டும். உச்சியைக் கூரைபோல் சரிவாக முடித்து, மேலே உதிரி வைக்கோல் வேய்ந்தோ தார்ப்பாய் போட்டோ மூடலாம். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பக்கங்களில் காற்றோட்டம் அவசியம்.

ஈரக்கட்டுகளை நெருக்கி அடுக்கினால் நுண்ணுயிர்களின் செயலால் படப்பினுள் சூடு ஏறும். உட்சூடு 55 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் நெருப்பு வைக்காமலே தீப்பற்றும் நிலை உண்டாகும். புதிதாக அடுக்கிய படப்பில் முதல் சில வாரங்களுக்கு ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிச் சிறிது நேரம் விட்டு, எடுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால், தண்ணீரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்தாருக்கும் சொல்லிவிட்டுப் படப்பைக் கலைக்க வேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருப்பது காற்றுப் பட்டவுடன் பற்றக்கூடும்.

உள்ளது முழுவதையும் ஒரே படப்பாகப் போடாமல், இடம்விட்டு இரண்டாகப் போடுவது நன்று. ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். அடுப்பங்கரை, மின்கம்பி, வண்டிப்பாதை இவற்றை விட்டு விலகியே படப்பு இருக்க வேண்டும்.

எவ்வளவு சேமிப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பசுந்தீவனமும் சிறிது கிடைக்கும் நிலையில் ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் எனக் கொண்டால், நான்கு மாதக் கோடைக்கு 600 கிலோ, அதாவது 20 கிலோக் கட்டு 30 வேண்டும். இதற்குமேல் நான்கில் ஒரு பங்கு அதிகமாக வைத்துக்கொண்டு, மிஞ்சியதையே விற்க வேண்டும். அறுப்புக் காலத்தில் மலிவாக விற்றுவிட்டு ஆனி, ஆடியில் அதிக விலைக்கு வாங்குவது இரு முறை நஷ்டமடைவதாகும்.

மாட்டுக்கு இடும்போது

கட்டை அவிழ்த்தவுடன் நூலை எண்ணி எடுத்து ஒரு சாக்கில் போட வேண்டும். பிளாஸ்டிக் நூலை விழுங்கிய மாட்டுக்கு அது இரைப்பையில் சுருண்டு தங்கி, தீனி எடுக்காமல் மெலியச் செய்யும். சணல் நூலானாலும் வைக்கோலோடு விடலாகாது.

பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்னும் எருமைகளுக்கும் மாடுகளுக்கும் வால்நுனி, காது, குளம்பருகு ஆகிய இடங்கள் கறுத்து அழுகும் ஒரு நோய் வடநாட்டில் அறியப்பட்டது. இப்போது பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபில் அது முதலில் காணப்பட்ட பகுதியில் ஓடும் ஓடையின் பெயரால் அதை டெக்னாலா நோய் என்பர். கறுத்தும் முடைநாறியும் இருக்கும் பாகத்தை இரக்கமின்றி எருக்குழியில் தள்ளுவதே லாபம்.

நல்ல வைக்கோலிலும் புரதம் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கே உண்டு. ஆகவே வைக்கோலை மாத்திரம் இட்டுப் பாலை எதிர்பார்க்க இயலாது. பிண்ணாக்கு, பசுந்தழை, தாதுஉப்பு சேர வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்து இடும் முறையால் அதன் சத்து உயரும். யூரியாக் கரைசல் மாடு குடிக்கும்படி விடப்பட்டால் உயிரைப் போக்கும். இம்முறையை முதன்முதலில் கையாளுபவர் கால்நடை மருத்துவரைக் கலந்துகொண்டே செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இத்தீவனம் ஆகாது.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊர்ப் பெரியவர்களும் கவனிக்க வேண்டியவை

ஒரு மடைக்கு உட்பட்ட வயற்காரர்கள் கூடிப் பேசி, அடுத்தடுத்த நாட்களில் அறுத்து, கட்டு இயந்திரத்தை ஒரே தவணையில் வரவழைத்தால் வாடகை நயமாகும். இயந்திரம் வந்து போகும் செலவும் பங்கிடப்படும். தனித்தனியே அழைப்பவருக்கு, குறிப்பாக ஓர் ஏக்கர் அரை ஏக்கர் உள்ளவருக்கு, இயந்திரம் தக்க நாளில் வருவதே அரிது. அரசாங்க வேளாண்மைப் பொறியியல் துறையார் விவசாய இயந்திரங்களை வாடகைக்கு விடுவதையும், இயந்திரம் வாங்க மானியம் வழங்குவதையும் எல்லாருக்கும் தெரிவித்து, பருவத்துக்கு முன்னதாகவே விண்ணப்பிக்கச் செய்வது பெரிய உதவியாகும்.

வயல்வழிப் பாதைகளின் மேல் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை அறுவடைக்கு முன்பே குறித்து மின்வாரியத்தாருக்கு எழுதி உயர்த்தச் செய்ய வேண்டும். வைக்கோலைப் பொதுச்சாலையில் பரப்பி உலர்த்துவதை அநுமதிக்கலாகாது. இருசக்கர வண்டிகள் அதில் வழுக்கி விழுவதும், வாகனத்தின் சூடான அடிப்பாகத்தில் வைக்கோல் சுற்றித் தீப்பிடிப்பதும் உண்டு.

அரிதாளுக்குத் தீவைக்கும் பழக்கம் இவ்வட்டாரத்தில் வேரூன்றாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் கடமையே. பஞ்சாப், ஹரியானா மாகாணங்களில் இயந்திர அறுவடை பரவியபின், அடுத்த கோதுமை விதைப்புக்கு அவகாசம் போதாமையால் வைக்கோலை வயலிலேயே கொளுத்தலாயினர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டில்லி வரை அப்புகை சென்று சேர்வதைப் பத்திரிகைகளில் காண்கிறோம். அங்கே சுமையாகிப்போன பொருளே இங்கே கொட்டிலுக்கு உணவாக இருக்கிறது. வைக்கோலைச் சேர்க்கும் செலவு கட்டுபடியாகாமல் போனால் இங்கும் அந்நிலை வர வெகுகாலம் ஆகாது. மலையடிவாரத்தில் வைத்த தீ காட்டுக்கும் பரவும்.

முடிவு

மேற்கூறியவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றும் இல்லை. அறுவடைக்கு முன் நீரை வடித்தல், தாழ அறுக்கப் பேசுதல், இரண்டு மூன்று நாள் பொறுத்துக் காயவிடுதல், கட்டை நிறுத்துப் பார்த்தல், ஒருமுறைக்கு மேல் கைமாற்றாதிருத்தல், படப்பை இரண்டாகப் போடுதல் ஆகிய இவை கருத்தினால் செய்யப்படுபவை. வரும் தையில் அறுப்புக்கு வண்டி பேசும் குடியானவர், இயந்திரக்காரரிடம் கட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், கட்டு எத்தனை கிலோ என்றும் கேட்பாராக. அவ்வொரு கேள்வியே பாதிச் சிக்கனத்தைத் தரும்.